இன அழிப்பைத் தடுப்பதில் தனி ஆளுக்கு என்ன வேலை?

நாஞ்சில் வாசகன்:
வணக்கம். வருகிற டிசம்பர் 9 அன்று நாகர்கோவிலில் எங்கள் வாசகர் வட்டத்தில் ஒரு கூட்டம். 1948-ல் ஐ.நா. பொதுச்சபை இனப்படுகொலைத் தடுப்பு உடன்படிக்கையை நிறைவேற்றிய தேதி அது. நான் பேச வேண்டும். அரசுகளின் கடமை பற்றிய பகுதியை எழுதி முடித்துவிட்டேன், அடுத்த பகுதியில் முட்டிக்கொண்டு நிற்கிறேன்.

2007-ல் சர்வதேச நீதிமன்றம் போஸ்னியா வழக்கில் ஒரு தீர்ப்பு சொன்னது. சிரெப்ரெனிகாவில் 1995 ஜூலையில் சுமார் 8,000 ஆண்களும் சிறுவர்களும் கொல்லப்பட்டதை செர்பிய அரசே செய்ததாக நீதிமன்றம் ஏற்கவில்லை. ஆனால் தடுக்கத் தவறிய குற்றம் அதன்மேல் உண்டு என்றது. பெரும் ஆபத்து இருக்கிறது என்று ஓர் அரசுக்குத் தெரிந்த நிமிடத்திலேயே தடுக்கும் கடமை ஆரம்பமாகிவிடுகிறது. தடுத்து ஜெயித்தாயா என்று கேட்கவில்லை. உன் கைக்கு எட்டியதை எல்லாம் செய்தாயா என்றுதான் கேட்டார்கள். அரசுக்கு இப்படி ஓர் அளவுகோல் கிடைத்துவிட்டது. வடசேரி சந்தையில் காய்கறி வாங்கிக்கொண்டு நிற்கும் மனிதருக்கு என்ன அளவுகோல்? இதற்குத்தான் உங்கள் உதவி வேண்டும்.

தக்கலைக்காரன்:
அண்ணாச்சி, கூட்டம் போடுங்கள், டீயும் வடையும் கொடுங்கள், நானும் வருகிறேன். ஆனால் தனி ஆள் தடுப்பான் என்று மட்டும் பேசாதீர்கள்.

1994 ஜனவரி 11 அன்றே ருவாண்டாவில் ஐ.நா. படைத் தளபதி டலேர் நியூயார்க்குக்குச் செய்தி அனுப்பினார். ஆயுதங்கள் எங்கே பதுக்கியிருக்கிறது என்று தகவல் வந்திருக்கிறது, போய்ப் பிடிக்கிறேன் என்றார். வேண்டாம் என்று மேலிடம் பதில் அனுப்பியது. ஏப்ரலில் கொலை ஆரம்பித்தது. ஏப்ரல் 21-ல் பாதுகாப்புச் சபை கூடிப் படையைப் பெருக்கியதா? 270 பேராகக் குறைத்தது! கொல்லும் அரசின் பிரதிநிதியே அந்த ஆண்டு பாதுகாப்புச் சபையில் உறுப்பினராக உட்கார்ந்திருந்தார். ஏறக்குறைய நூறு நாளில் 8 லட்சம் பேர் வரை செத்தார்கள். ஒரு ராணுவ ஜெனரலால் முடியாததை நீங்களும் நானும் செய்துவிடுவோமா?

2009-ல் இலங்கைப் போரின்போது நாம் சும்மாவா இருந்தோம்? மறியல், உண்ணாவிரதம், வக்கீல்கள் கோர்ட்டுக்குப் போகாமல் தெருவுக்கு வந்தார்கள். நின்றதா அது?

குழித்துறை வக்கீல்:
தக்கலையார் சொல்வதில் பாதி சரி. மீதிப் பாதிக்குச் சட்டத்திலிருந்து இரண்டு விஷயம்.

உடன்படிக்கையின் 4-ஆம் பிரிவு, தண்டிக்கப்பட வேண்டியவர்கள் ஆட்சியாளர்களாக இருந்தாலும் அதிகாரிகளாக இருந்தாலும் சாதாரணத் தனிமனிதர்களாக இருந்தாலும் ஒன்றுதான் என்கிறது. 3-ஆம் பிரிவு கொன்றவனோடு நிற்பதில்லை. சதி செய்தவன், வெளிப்படையாகத் தூண்டியவன், முயன்றவன், உடந்தையாக இருந்தவன் எல்லோரும் அதற்குள் வருவார்கள். நாஜித் தலைவர்களை விசாரித்த நியூரம்பர்க் தீர்ப்பு 1946-லேயே இதற்கு அடித்தளம் போட்டுவிட்டது. குற்றங்களைச் செய்பவர்கள் மனிதர்கள், அருவமான அமைப்புகள் அல்ல என்றது அந்தத் தீர்ப்பு. 'மேலிடத்து உத்தரவு' என்பதும் இங்கே எடுபடாது. இனப்படுகொலை செய் என்ற உத்தரவு வெளிப்படையாகவே சட்டவிரோதமானது என்று, சர்வதேசக் குற்றவியல் நீதிமன்றத்தை அமைத்த ரோம் சட்டம் எழுதியே வைத்திருக்கிறது. இந்தியா அதில் சேரவில்லை என்பது வேறு விஷயம்.

இனப்படுகொலை உடன்படிக்கையை இந்தியா 1959-ல் உறுதிப்படுத்தியது. ஆனால் இன்றுவரை அதற்கென்று உள்நாட்டுச் சட்டம் கிடையாது. 2018 டிசம்பரில் சஜ்ஜன் குமார் வழக்கில், 1984 சீக்கியர் கொலைகளைப் பற்றித் தீர்ப்புச் சொன்ன டெல்லி உயர்நீதிமன்றம், மனிதகுலத்துக்கு எதிரான குற்றமும் இனப்படுகொலையும் நம் குற்றவியல் சட்டத்தில் இல்லை, இந்த ஓட்டையை அடைக்க வேண்டும் என்று எழுதியது. ஓட்டை அப்படியே இருக்கிறது. வாசகர் வட்டத்தில் இதைக் கட்டாயம் சொல்லுங்கள்.

தக்கலைக்காரன்:
இதெல்லாம் செத்த பிறகு வருகிற சட்டம். கேள்வி தடுப்பதைப் பற்றி.

குழித்துறை வக்கீல்:
அதற்கும் ஒரு வழக்கு இருக்கிறது. அகாயேசு வழக்கு. இனப்படுகொலைக் குற்றத்துக்காக ஒரு சர்வதேச நீதிமன்றம் விசாரித்துத் தண்டித்த முதல் ஆள், 1998 செப்டம்பர் 2. பாலியல் வன்முறையும் இனப்படுகொலையின் கருவியாக இருக்க முடியும் என்று முதன்முதலில் சொன்ன தீர்ப்பும் அதுதான். மூன்று நீதிபதிகளில் ஒருவர் நவநீதம் பிள்ளை. டர்பனில் ஒரு பஸ் டிரைவரின் மகளாகப் பிறந்த தமிழ்ப் பெண்.

அகாயேசு ருவாண்டாவில் டாபா என்ற ஊரின் மேயர். அதற்கு முன் பள்ளி ஆசிரியர், கல்வி ஆய்வாளர். ஏப்ரல் 7-லிருந்து 18 வரை தன் ஊரில் கொலை நடக்காமல் பார்த்துக்கொள்ள அவர் முயன்றார் என்று அதே தீர்ப்பு ஒப்புக்கொள்கிறது. வெளியிலிருந்து வந்த கும்பலை எதிர்த்து நின்றிருக்கிறார். 18-ஆம் தேதி இடைக்கால அரசு மேயர்களைக் கூட்டிப் பேசியது. திரும்பி வந்தவர் வேறு ஆள். கோட்டைக் கழற்றிவிட்டு ராணுவச் சட்டை போட்டுக்கொண்டார், கூட்டம் போட்டுத் தூண்டினார். டாபாவில் குறைந்தது 2,000 பேர் கொல்லப்பட்டார்கள். அவருக்கு ஆயுள் தண்டனை.

தக்கலையாரே, அந்தப் பன்னிரண்டு நாளை யோசித்துப் பாருங்கள். ஒரு மேயர் 'இங்கே நடக்காது' என்று சொல்லிக்கொண்டிருந்தவரை அந்த ஊரில் பெரும்பாலும் நடக்கவில்லை. புட்டாரே மாகாணத்திலும் இதே கதைதான், முடிவு மட்டும் வேறு. அங்கிருந்த மாகாணத் தலைவர் ஏறக்குறைய இரண்டு வாரம் தாக்குப்பிடித்தார். வளைக்க முடியாததால் பதவியிலிருந்து தூக்கினார்கள், பிறகு கொன்றார்கள். தனி ஆள் ஒன்றுமே இல்லை என்றால் அரசாங்கம் ஏன் மெனக்கெட்டு அவரைத் தூக்கியது?

தக்கலைக்காரன்:
மேயர், மாகாணத் தலைவர். நான் ரப்பர் ஷீட் வியாபாரி சார்.

தோவாளை மணியம்:
நான் வருவாய்த்துறையில் இருந்து ஓய்வு பெற்றவன். கிராம நிர்வாக அலுவலராக ஆரம்பித்தது. அதிகாரம் இல்லாத ஆளைப் பற்றித்தானே பேச்சு, அப்படியானால் குமாஸ்தாவைப் பற்றிப் பேசுவோம்.

ஒரு கூட்டத்தை அழிக்க வேண்டுமென்றால் முதலில் யார் யார் என்று தெரிய வேண்டும். அது தானாகத் தெரியாது, எவனோ ஒருவன் எழுதித் தர வேண்டும். ருவாண்டாவில் பெல்ஜியக்காரன் 1930-களில் கொடுத்த அடையாள அட்டையில் ஹூட்டு, டுட்சி என்று இனத்தைப் போட்டிருந்தது. அறுபது வருஷம் கழித்துச் சாலைத் தடுப்பில் நின்ற பையன் அந்த அட்டையைத்தான் கேட்டான். 83 ஜூலையில் கொழும்பில் கும்பல் வாக்காளர் பட்டியலோடு வீடு வீடாக வந்தது. பட்டியல் நடந்து தெருவுக்கு வராது. ஓர் அலுவலகத்திலிருந்து ஒரு கை எடுத்துக் கொடுத்திருக்கிறது.

நெதர்லாந்தில் லென்ட்ஸ் என்று ஓர் அதிகாரி. மக்கள்தொகைப் பதிவேட்டுக்குத் தலைவர். நாஜிக் கட்சிக்காரர் கூட இல்லை. வேலையில் அப்படி ஒரு சுத்தம்! யாராலும் போலி செய்ய முடியாத அடையாள அட்டையை உருவாக்கினார். நானும் முப்பது வருஷத்துக்கு மேல் பதிவேடு எழுதினவன், அந்தப் பெருமை எப்படிப்பட்டது என்று எனக்குத் தெரியும். அந்த நாட்டு யூதர்களில் நான்கில் மூன்று பங்கு பேர் கொல்லப்பட்டார்கள். மேற்கு ஐரோப்பாவில் அவ்வளவு மோசமான கணக்கு வேறெங்கும் இல்லை. காரணங்களில் அந்தச் சுத்தமான பதிவேடும் ஒன்று.

அதே நாட்டில் இன்னொரு பக்கம். 1943 மார்ச் 27 இரவு, ஆரோண்டேயுஸ் என்ற ஓவியரும் கூட்டாளிகளும் போலீஸ் உடுப்பில் ஆம்ஸ்டர்டாம் பதிவேட்டு அலுவலகத்துக்குள் போனார்கள். காவலாளிகளைக் கொல்லவில்லை, மயக்க ஊசி போட்டு வெளியே கிடத்தினார்கள். பிறகு குண்டு வைத்து எரித்தார்கள். தீயணைப்புக்காரர்கள் மெதுவாக வந்தார்கள். வந்த பிறகு தேவைக்கு மேல் தண்ணீர் அடித்து மிஞ்சிய காகிதத்தையும் ஊறவைத்தார்கள். மொத்தத்தில் அழிந்தது ஒரு சிறு பங்குதான், ஆரோண்டேயுஸைச் சுட்டுக் கொன்றார்கள். என் கண் போவது அந்தத் தீயணைப்புக்காரன் மேல். அவன் கையில் இருந்தது தண்ணீர்க் குழாய் மட்டும். 'என் வேலையைத்தானே சார் செய்தேன்' என்று எவனிடமும் சொல்லிவிட்டுப் போகலாம்.

எங்கள் ஆபீஸில் ஒரு பழைய வழி உண்டு. வாய்மொழியாக ஏதாவது கோணலாகச் சொன்னால், 'எழுத்தில் வரட்டும் சார்' என்போம். பாதி உத்தரவு அங்கேயே செத்துவிடும். கையெழுத்துப் போட யாருக்கும் பிடிக்காது. இது வீரம் இல்லை. ஆனால் குமாஸ்தாவின் கையில் இருக்கிற பிரேக் இதுதான்.

பட்டியலே தப்பு என்று யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். ஒக்கிப் புயல் சமயத்தில் கரை திரும்பாதவர் பட்டியல் சரியாக இல்லாமல் குடும்பங்கள் எவ்வளவு அலைந்தன என்று இந்த மாவட்டத்துக்கே தெரியும்.

தூத்தூர் கடலோடி:
ஒக்கி பற்றி மணியம் சார் சொன்னதால் எழுதுகிறேன். எங்கள் ஊர்களில் அப்போது ஆட்கள் சொந்தப் படகை எடுத்துக்கொண்டு தேடப் போனார்கள். அதையும் இதையும் ஒன்றாக்கவில்லை, புயலுக்கு எண்ணம் கிடையாது. ஆனால் படகு என்றதும் டென்மார்க் கதை நினைவு வந்தது.

1943 அக்டோபர். டென்மார்க்கில் இருந்த யூதர்களை ஒரே ராத்திரியில் பிடித்துக்கொண்டு போக ஜெர்மன்காரன் தேதி குறித்துவிட்டான். டுக்விட்ஸ் என்று ஒரு ஜெர்மன் தூதரக அதிகாரி அந்தத் தேதியை முன்கூட்டியே டென்மார்க் அரசியல்வாதிகளிடம் சொல்லிவிட்டார். அந்தப் பக்கத்து ஆள், அந்தப் பக்கத்துச் சம்பளம், இந்தப் பக்கத்துக்குத் தகவல். அடுத்த நாள் தொழுகைக்கு வந்தவர்களிடம் யூத மதகுருவான ரப்பி, வீட்டில் இருக்காதீர்கள் என்று சொல்லி அனுப்பினார். பிறகு மீனவர்கள் ராத்திரி ராத்திரியாக ஆட்களை ஸ்வீடன் கரைக்கு ஏற்றினார்கள். 7,200 பேருக்கு மேல் தப்பினார்கள். பிடிபட்டவர்கள் சுமார் 470.

இதைச் சொல்பவர்கள் ஒரு விஷயத்தை விட்டுவிடுவார்கள். அந்த மீனவர்களில் நிறையப் பேர் காசு வாங்கினார்கள். சின்னக் காசு இல்லை. இல்லாதவர்களுக்கு மற்றவர்கள் வசூல் செய்து கட்டினார்கள். எங்கள் பங்குத்தந்தை ஒருமுறை பிரசங்கத்தில் இந்தக் கதையைக் காசை விட்டுவிட்டுத்தான் சொன்னார். எனக்குக் கொஞ்சம் ஏமாற்றமாக இருந்தது. பல நாள் கடலில் தங்கி மீன்பிடிக்கும் தங்கல் தொழிலுக்குப் போகிற எனக்கு அந்தக் காசு புரிகிறது. பிடித்தால் படகு போகும். படகு போனால் என் வீடு மட்டுமா, கூட வருகிற பத்துப் பேர் வீடும் போகும். கடன் யார் கட்டுவது? காசு வாங்கினான், ஆனால் ஏற்றினான். கரையில் நின்று ஜெபம் பண்ணிவிட்டு வீட்டுக்குப் போனவனைவிட இவன் எனக்கு ஒருபடி மேல்.

மார்த்தாண்டம் டீச்சர்:
கடலோடி அண்ணன் சொன்னதை ஒத்துக்கொள்கிறேன். நல்ல மனசு வரட்டும், பிறகு பார்ப்போம் என்று காத்திருந்தால் ஒன்றும் நடக்காது.

வகுப்பில் பிள்ளைகள் கேட்பது வேறு கேள்வி. 'மிஸ், மாட்டேன் என்று சொன்னால் சுட்டுவிடுவார்கள் இல்லையா?' எல்லோர் மனதிலும் இருக்கிற சாக்கும் இதுதான். அதற்கு நான் சொல்வது யூசெஃபோவ் கதை. போலந்தில் ஒரு கிராமம், 1942 ஜூலை 13. ஹாம்பர்க்கிலிருந்து வந்த 101-ஆம் ரிசர்வ் போலீஸ் படை. சுமார் 500 பேர், பெரும்பாலும் நடுத்தர வயது, குடும்பஸ்தர்கள். ஊர் யூதர்களைக் கொல்லும் வேலை என்று அவர்களுடைய மேஜர் டிராப் அழுதுகொண்டே சொன்னார். முடியாது என்று நினைக்கும் வயதானவர்கள் விலகலாம் என்றும் சொன்னார். முன்னால் வந்தவர்கள் பத்துப் பன்னிரண்டு பேர்தான். அவர்களுக்கு ஒரு தண்டனையும் இல்லை. மற்றவர்கள் அன்று சுமார் 1,500 பேரைச் சுட்டார்கள். பாதியில் முடியாமல் கழன்றவர்கள் இன்னும் சிலர் உண்டு, அவர்களுக்கும் ஒன்றும் ஆகவில்லை. போருக்குப் பிறகு எத்தனையோ வழக்குகளில் குற்றவாளிகள் 'மறுத்திருந்தால் என்னைக் கொன்றிருப்பார்கள்' என்று வாதாடினார்கள். அப்படி மறுத்ததற்காகக் கொல்லப்பட்ட ஒரு ஜெர்மானியனைக்கூட ஆவணத்தோடு யாராலும் காட்ட முடியவில்லை.

பக்கத்தில் நிற்பவன் என்ன நினைப்பான் என்ற கூச்சம்தான் பெரிய காரணம். கூட்டாளிகள் கஷ்டப்படும்போது நான் மட்டும் நழுவுவதா என்ற எண்ணம். நம் ஊரில் கல்யாண வீட்டில் ஒருவன் மட்டமான சாதி ஜோக் சொல்லும்போது எல்லோரும் சிரிக்கிறார்களே, அங்கேயே இந்தக் கூச்சத்தைப் பார்க்கலாம்.

இன்னொன்று. 1982 மார்ச் 1, மண்டைக்காட்டு இந்து–கிறிஸ்தவக் கலவரம். அது இன அழிப்பு இல்லை, அந்தப் பெயரை அதற்குச் சூட்டவே கூடாது. ஆனால் மாசிக் கொடை நேரத்தில் துப்பாக்கிச் சூட்டில் 6 பேர் செத்த பிறகு, கடற்கரையிலும் உள்ளூரிலும் ஒன்றும் நடக்காத கிராமங்களுக்குக்கூட என்னென்ன வதந்திகள் போயின என்று என் அம்மா சொல்லிக் கேட்டிருக்கிறேன். வாட்ஸ்அப் இல்லாத காலம் அது. சைக்கிளில் வந்தவன் சொன்னது, பஸ்ஸில் வந்தவன் சொன்னது.

வேளிமலைச் சாரல்:
டீச்சர், மண்டைக்காட்டை எடுத்தால் யார் ஆரம்பித்தது என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். அன்றைக்கு முதல் கல்லை எறிந்தது

[மீதி நீக்கப்பட்டது – மட்டுறுத்துநர்]

மட்டுறுத்துநர்:
யார் பக்கம் தப்பு என்ற பேச்சு இந்த இழைக்கு வேண்டாம். அதை விசாரிக்க வேணுகோபால் ஆணையம் இருந்தது, அறிக்கை வந்தது. அதைப் பற்றிப் பேச வேண்டுமென்றால் தனி இழை திறக்கலாம். இந்த மாவட்டத்தில் நாளைக்கும் எல்லோரும் ஒரே பஸ்ஸில்தான் போக வேண்டும்.

மார்த்தாண்டம் டீச்சர்:
நன்றி. நான் சொல்ல வந்தது குன்றக்குடி அடிகளார் பற்றி. காவியோடு வந்து இரண்டு பக்கத்து மக்களிடமும் பேசிச் சமாதானம் செய்தவர். ஆதீனகர்த்தருக்கு அது கட்டாய வேலை இல்லை. மடத்தில் இருந்தபடி ஓர் அறிக்கை விட்டிருந்தாலே யாரும் குறை சொல்லியிருக்க மாட்டார்கள்.

முகாம் மகள்:
இதுவரை வாசித்துக்கொண்டு மட்டும் இருந்தேன். நான் பழவிளை முகாமில் பிறந்து வளர்ந்தவள். மறுவாழ்வு முகாம் என்று இப்போது பெயர் மாற்றியிருக்கிறார்கள். அம்மாவுக்கு ஊர் மன்னார்.

பெரியப்பா 83-ல் கொழும்பு வெள்ளவத்தையில் ஒரு கடையில் கணக்கு எழுதிக்கொண்டிருந்தார். கலவரத்தில் பக்கத்து வீட்டுச் சிங்களக் குடும்பம்தான் அவரைக் காப்பாற்றியது. கும்பல் வாசலில் நின்று பெயர் வாசித்தபோது அந்த வீட்டு அம்மா, 'அவர்கள் நேற்றே போய்விட்டார்கள்' என்று ஒரு வரி சொன்னாராம். அவ்வளவுதான். பெரியப்பா இதைச் சொல்லிவிட்டுச் சிரிப்பார்: "அவங்கட மகனுக்கு நான்தானே கணக்குச் சொல்லிக் குடுத்தனான். சோதனை கிட்ட வந்திட்டுது. அதுதான் என்னை விட்டுக்குடுக்கேல்லை." கடலோடி அண்ணன் காசு பற்றி எழுதியதும் இதுதான் நினைவுக்கு வந்தது.

2009 பற்றித் தக்கலை அண்ணன் கேட்டதற்குப் பதில் சொல்லப் பார்க்கிறேன். நாம் எல்லோரும் கத்தியது 2009-ல். ஆனால் ஐ.நா. அலுவலர்கள் கிளிநொச்சியை விட்டுக் கிளம்பியது 2008 செப்டம்பரில். போகாதீர்கள், நீங்கள் போனால் சாட்சி இல்லாமல் போய்விடும் என்று சனம் அலுவலக வாசலில் வந்து கெஞ்சியது. அந்த நாளில் தமிழ்நாட்டில் எத்தனை பேருக்கு அது செய்தியாகத் தெரியும்? பிறகு நடந்ததில் 40,000 பேர் வரை செத்திருக்கலாம் என்று 2011-ல் ஐ.நா. நிபுணர் குழு சொன்னது. ஐ.நா.வுக்காகச் சார்லஸ் பெட்ரி செய்து 2012-ல் வந்த உள் ஆய்வில், 70,000-க்கு மேற்பட்டவர்களுக்குக் கணக்கு இல்லை என்ற தகவலும் பேசப்பட்டது. ஐ.நா. தன் கடமையில் தோற்றது என்று எழுதியதும் அந்த ஆய்வுதான். சனத்தை வெளியேற விடாமல் புலிகள் பிடித்து வைத்ததும் அந்த அறிக்கைகளில் இருக்கிறது, அதையும் நாங்கள் மறைக்கத் தேவையில்லை.

வக்கீல் சார் நவநீதம் பிள்ளையைச் சொன்னார். 2009 மார்ச் 13 அன்று அவர் ஐ.நா. மனித உரிமை ஆணையராக ஓர் அறிக்கை விட்டார். ஜனவரி 20-க்குப் பிறகு 2,800-க்கு மேல் பொதுமக்கள் கொல்லப்பட்டிருக்கலாம், இரு தரப்பும் செய்வது போர்க்குற்றம் ஆகலாம் என்றார். எண்ணிக்கையைச் சொல்லாதே, வார்த்தையைத் தணித்துச் சொல் என்று ஐ.நா.வுக்கு உள்ளேயே அழுத்தம் இருந்ததாகப் பெட்ரி ஆய்வு சொல்கிறது. அவர் வெளியிட்டார். போர் நிற்கவில்லை, தெரியும். ஆனால் அந்த எண்ணை அன்று ஒருவர் எழுதி வைக்காமல் இருந்திருந்தால், இன்றைக்கு யாரும் சாகவில்லை என்று பேசுகிறவர்களுக்கு எதைக் காட்டுவது?

தக்கலைக்காரன்:
இதை நான் மறுக்கவில்லை தங்கச்சி. சீக்கிரமே கத்தியிருக்க வேண்டும் என்கிறாய். சரி. ஆனால் சீக்கிரம் என்றால் எப்போது? ஒவ்வொரு சண்டைக்கும் இன அழிப்பு இன அழிப்பு என்று கூவினால் ஒருநாள் யாரும் திரும்பிப் பார்க்க மாட்டார்கள்.

குழித்துறை வக்கீல்:
நல்ல கேள்வி. அழிக்கும் நோக்கம் நிரூபிக்கப்பட்ட பிறகுதான் இனப்படுகொலை என்று நீதிமன்றம் பெயர் வைக்கும். அதற்குப் பத்து வருஷம், இருபது வருஷம் ஆகும். அந்தப் பெயருக்காகத் தடுக்கிறவன் காத்திருக்கக் கூடாது. 1994-ல் அமெரிக்க அதிகாரிகள் அந்தச் சொல்லை வாயில் வரவிடாமல் சுற்றிச் சுற்றிப் பேசினார்கள். சொன்னால் ஏதாவது செய்ய வேண்டி வருமே என்ற பயம். காம்பியா மியான்மர்மேல் வழக்குப் போட்டபோதும், தென்னாப்பிரிக்கா இஸ்ரேல்மேல் போட்டபோதும், இறுதித் தீர்ப்புக்கு வெகுகாலம் முன்னாலேயே 2020 ஜனவரியிலும் 2024 ஜனவரியிலும் நீதிமன்றம் இடைக்கால உத்தரவு போட்டது. ஆபத்து இருக்கிறது என்று தோன்றினாலே போதும் என்பதுதான் அதன் அடிப்படை.

முகாம் மகள்:
இன்னொன்று சொல்ல வேண்டும். கூட்டத்தில் இதைச் சொல்வீர்களா என்று தெரியவில்லை.

1990 அக்டோபர் கடைசியில் வட மாகாணத்து முஸ்லிம்கள் எல்லோரையும் வெளியேறும்படி புலிகள் உத்தரவிட்டார்கள். யாழ்ப்பாண டவுனில் கொடுத்தது இரண்டு மணி நேரம். சுமார் 75,000 பேர். மன்னாரில் அம்மாவின் பக்கத்து வீடும் முஸ்லிம் வீடு. அம்மா அப்போது சிறுமி. அந்த வீட்டுக்காரர் தையல் மெஷினைப் பாட்டியிடம் கொடுத்துவிட்டுப் போனார். பாட்டி வாங்கி வைத்தார், அழுதார், வாயைத் திறக்கவில்லை. அந்தத் தெருவில் யாருமே திறக்கவில்லை. திறந்திருந்தால் என்ன நடந்திருக்கும் என்றும் எல்லோருக்கும் தெரியும், அதனால் பாட்டியை நான் குற்றம் சொல்லவில்லை. அப்புறம் நாங்களே எல்லாவற்றையும் போட்டுவிட்டுப் படகேறினோம், மெஷின் எங்கே போயிற்றோ.

வெள்ளவத்தை அம்மா சொன்ன அந்த ஒரு வரியைப் போல 90-ல் நாங்கள் யாராவது சொன்னோமா? எங்களுக்கு நடந்ததைக் கேட்கும்போது இதையும் கேட்க வேண்டும் என்று நினைக்கிறேன்.

தக்கலைக்காரன்:
இதை இப்போது கிளறுவதால் யாருக்கு லாபம்? முள்ளிவாய்க்காலை மட்டம் தட்ட நினைக்கிறவனுக்குத்தான். கொலையும் வெளியேற்றமும் ஒன்றா?

குழித்துறை வக்கீல்:
ஒன்று இல்லை. வெளியேற்றம் மட்டுமே இனப்படுகொலை ஆகாது என்று போஸ்னியா தீர்ப்பே பிரித்துச் சொல்லியிருக்கிறது. இதற்குப் பெயர் இனச் சுத்திகரிப்பு. ஆனால் அவர் ஒன்றையொன்று தராசில் வைக்கவில்லையே. பக்கத்து வீட்டுக்காரர் என்ன செய்தார் என்று மட்டும்தானே கேட்டார்.

முகாம் மகள்:
முள்ளிவாய்க்காலில் எங்கள் சொந்தத்திலும் ஆட்கள் போனார்கள் அண்ணா. மட்டம் தட்ட எனக்கு என்ன தேவை? எதிரி செய்யும்போது தட்டிக்கேட்பது லேசு, அதற்குக் கைதட்டல் கிடைக்கும். நம் பெயரில் நம் ஆள் செய்யும்போதுதான் நம் பேச்சுக்கு ஏதாவது பலம் உண்டு. சிங்களவர் 83-ல் பேசியிருக்க வேண்டும் என்று சொல்ல எனக்கு உரிமை இருக்கிறதென்றால், 90-ல் பேசியிருக்க வேண்டியது யார்?

தேங்காய்ப்பட்டணத்தான்:
சகோதரி, இதைத் தமிழில் ஒரு தமிழர், யாரும் கேட்காமலேயே எழுதி நான் வாசிப்பது அபூர்வம். எங்கள் பக்கத்தில் இலங்கையின் புத்தளத்தோடு வியாபாரத் தொடர்பு இருந்த பழைய ஆட்கள் உண்டு. வெளியேறியவர்கள் அங்கே முகாமில் பல வருஷம் கிடந்ததை அவர்கள் சொல்லிக் கேட்டிருக்கிறேன். நம் பக்கம் என்பது எல்லோருக்கும் உண்டு. எங்கள் ஆட்கள் செய்யும் தப்பைப் பற்றி நானும் ஜமாஅத் கூட்டத்தில் வாயைத் திறக்க யோசிக்கிறவன்தான்.

நாஞ்சில் வாசகன்:
நான் நினைத்த பேச்சு இது இல்லை. டலேர், பாதுகாப்புச் சபை என்று பத்துப் பக்கம் வைத்திருந்தேன், அதில் பாதியை வெட்டப்போகிறேன். அந்த இடத்தில் குமாஸ்தா, மீனவர், பக்கத்து வீட்டு அம்மா, 18-ஆம் தேதிக்கு முந்திய அகாயேசு.

தக்கலைக்காரன்:
என்னை விட்டுவிட்டீர்களே. நான் எங்கள் ஊர் வாட்ஸ்அப் குரூப்புக்கு அட்மின், 240 பேர். போன மாதம் ஒருத்தன் ஒரு சமூகத்தைப் பூச்சி என்று எழுதி, இவனுக கடையில் வாங்காதே என்று லிஸ்ட் போட்டான். நான் பார்த்தேன், விட்டுவிட்டேன். வக்கீல் சார், சட்டப்படி நான் உள்ளே போவேனா?

குழித்துறை வக்கீல்:
போக மாட்டீர்கள். அட்மினாக இருந்தார் என்பதைத் தவிர வேறெதுவும் இல்லையென்றால் அவர் பெயரை வழக்கில் சேர்க்கக் கூடாது என்று நம் மதுரைக் கிளையே 2021 டிசம்பரில் சொல்லியிருக்கிறது. கேரள உயர்நீதிமன்றமும் 2022 பிப்ரவரியில் அதே மாதிரிச் சொன்னது. எழுதியவர்மேல் பகைமை வளர்க்கும் குற்றம் வரலாம், புதிய சட்டத்தில் 196-ஆம் பிரிவு.

ஆனால் பூச்சி என்றீர்கள் பாருங்கள், ருவாண்டாவில் ஆர்.டி.எல்.எம். வானொலி டுட்சிகளைக் கரப்பான் பூச்சி என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தது. பிறகு ஆட்களின் பெயரையும் கார் நம்பரையும் வாசித்தது. அந்த வானொலிக்காரர்களுக்கு 2003-ல் தண்டனை கொடுத்த அமர்வுக்குத் தலைமை தாங்கியவரும் நவநீதம் பிள்ளைதான். மியான்மரில் ரோஹிங்கியாக்களுக்கு எதிராக ஃபேஸ்புக் அதே வேலைக்குப் பயன்பட்டது என்று 2018-ல் ஐ.நா. உண்மை அறியும் குழு சொன்னது. பர்மிய மொழி தெரிந்து பதிவுகளைப் பார்க்க அந்தக் கம்பெனியில் போதுமான ஆட்களே இல்லை. உங்கள் குரூப்பில் தமிழ் தெரிந்த ஓர் ஆள் இருக்கிறார், நீக்கும் பட்டனும் அவரிடம்தான் இருக்கிறது.

தக்கலைக்காரன்:
அவன் என் மச்சினன் சார். நீக்கினால் வீட்டில் சோறு கிடைக்காது.

தோவாளை மணியம்:
அந்த லிஸ்டை மட்டும் நீக்கும். மச்சினனைத் தனியாகக் கூப்பிட்டுப் பேசும். ஒத்து வரவில்லையென்றால் இங்கே வந்து சொல்லும், பார்ப்போம்.

தக்கலைக்காரன்:
நீக்கிவிட்டேன். 'ஏன் நீக்கினாய்' என்று அதற்குள் மூன்று பேர் கேட்டுவிட்டார்கள். ஒருத்தன் குரூப்பை விட்டே போய்விட்டான். இதனால் எந்த இன அழிப்பும் நின்றுவிடாது என்பதே இப்போதும் என் கருத்து, அதில் மாற்றம் இல்லை.

தூத்தூர் கடலோடி:
மக்கா, யாரும் உம்மை ஆரோண்டேயுஸ் என்று சொல்லவில்லை.

நாஞ்சில் வாசகன்:
மணியம் சார், பதிவேடு பற்றி நீங்களே கால் மணி நேரம் பேச வேண்டும். கடலோடி அண்ணன் கரையில் இருந்தால் டென்மார்க், காசோடு சேர்த்து. முகாம் மகள், நீங்களும் பேச முடியுமா? பெயர் போட விருப்பமில்லை என்றால் நோட்டீஸில் போடவில்லை.

தோவாளை மணியம்:
வருகிறேன். சாயங்காலம் ஆறு மணிக்குள் முடியுங்கள், அதற்குப் பிறகு தோவாளைக்கு பஸ் கூட்டம்.

முகாம் மகள்:
வருகிறேன். 83, 90, 2009 மூன்றையும் சொல்வேன். இதில் ஒன்றை விட்டுவிடச் சொன்னால் வேறு ஆளைப் பாருங்கள்.

நாஞ்சில் வாசகன்:
மூன்றும் சொல்லுங்கள். கமிட்டியில் ஒருவர் 90 வேண்டாம் என்கிறார். அவரிடம் நான் பேசிக்கொள்கிறேன்.